பூட்டிக்குச் சட்டை போட்ட கதை

ஸ்டூடியோ வேலை என்றால் படம் எடுக்கிற வேலை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: படம் இப்போது எல்லாரும் தங்கள் போனிலேயே எடுக்கிறார்கள், எங்களிடம் வருவது செத்தவர்களுக்கு உடுப்பு மாற்றத்தான்.

சிரிக்காதீர்கள். கம்பியூட்டருக்கு முன்னால் இருந்து அடுத்த வீட்டு அப்பப்பாவுக்கு மீசை வைத்தவர்கள், "கொஞ்சம் வெள்ளையா ஆக்கிவிடு தங்கச்சி" என்று காதுக்குள் கெஞ்சக் கேட்டவர்கள், ஒரு கண் பூஞ்சணம் பிடித்த படத்துக்கு மற்றக் கண்ணைத் திருப்பி ஒட்டியவர்கள் உங்களில் கொஞ்சப் பேராவது இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இது. மற்றவர்கள் வாசித்துவிட்டு உங்கள் வீட்டுச் சுவரை ஒருக்கால் உற்றுப் பாருங்கள்.

நான் ஓ.எல். சோதனை எழுதினேன், கணக்கு கவிழ்ந்தது. திரும்ப எழுது என்றார்கள், மாட்டேன் என்றேன். வீட்டில் சும்மா இருந்தால் அம்மா கொல்லுவா என்பதால் விசுவமடுச் சந்தியில் கிருபா அண்ணையின் ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்தேன். கீழே எழுதியிருப்பவை எல்லாம் தர்சினி அக்காவின் கலியாணம் நடக்குமா, குழம்புமா என்று இழுபட்ட நாட்களில் நடந்தவை. அதைக் குழப்பப் பார்த்தது சீதனமும் இல்லை, சாத்திரமும் இல்லை. இரண்டு பழைய படங்கள்.

நாலு உடம்பு

எங்கள் பக்கத்தில் பழைய படம் வைத்திருக்கிற வீடு குறைவு. இருக்கிறதும் உடுப்புப் பைக்குள் கிடந்து, மழையில் நனைந்து, ஊர் ஊராக அலைந்து வந்ததுதான். தலை தப்பியிருக்கும், உடம்பு கரைந்திருக்கும். சிலவேளை உடம்பும் நல்லாத்தான் இருக்கும், ஆனால் போட்டிருக்கிற உடுப்பு பேரப்பிள்ளைகளுக்குப் பிடிக்காது. அதற்காகக் கிருபா அண்ணை கம்பியூட்டரில் நாலு உடம்பு வைத்திருக்கிறார். முதலாவது கோட்டும் டையும். இரண்டாவது வேட்டி, சால்வை, நெஞ்சில் சந்தனம். நாலாவது பாடசாலை அதிபர் மாதிரி வெள்ளை நீளக்கைச் சட்டை.

மூன்றாவதுதான் பொம்பிளைகளுக்கு. கடுகு நிறக் காஞ்சிபுரம் சேலை, முழங்கை வரைக்கும் கை வைத்த சட்டை, கதிரையில் நிமிர்ந்து இருந்து வலக்கையை மடியில் வைத்தபடி. அது கிருபா அண்ணையின் மனுசி மதி அக்காவின் உடம்பு. யாரோ சொந்தக்காரரின் கலியாணத்தில் எடுத்தது. கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு, வருகிற தலைகளை ஒவ்வொன்றாக வைப்போம். தன் உடம்பு எத்தனை வீட்டில் மாலையோடு தொங்குகிறது என்று மதி அக்காவுக்கே தெரியாது. அந்த உடம்பின் இடக்கையில் ஒரு தங்க மணிக்கூடு இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கிழவிகளுக்கு அது எப்படி வந்தது, அழித்துவிடட்டுமா என்று ஒருநாள் கிருபா அண்ணையைக் கேட்டேன். "கிடக்கட்டும், வசதியான ஆக்கள் எண்டு நினைப்பினம்" என்றார். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்து, ஸ்டூடியோவின் ஒரேயொரு சட்டத்தைச் சொன்னார்: "ஆற்ற தலை ஆற்ற உடம்பில இருக்கெண்டு இந்தக் கதவுக்கு வெளியில கதைச்சியெண்டால், உன்ர தலையும் இஞ்ச இருக்காது."

கூடையை இறக்கி வை

தருமபுரத்துப் பெருமாள் ஐயா, தர்சினி அக்காவின் அப்பா. சின்ன வயதில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து குடும்பத்தோடு வந்து, காடு வெட்டிக் குடியேறி, இப்போது கச்சான், அதுதான் நிலக்கடலை, செய்கிறார். ஒருநாள் அவர் ஸ்டூடியோவுக்கு வர, பின்னால் தர்சினி அக்கா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தா. அவ கார்மென்ட்ஸில் வேலை. அங்கேயே வேலை செய்கிற நிரோசன் அண்ணாவை விரும்பி, விசயம் இரண்டு வீட்டுக்கும் போய்விட்டது. நிரோசன் அண்ணாவின் ஆக்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் இருந்து வந்து விசுவமடுவில் வயல் செய்கிறவர்கள். அவரின் அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வீட்டை வந்து ஆக்களைப் பாத்திட்டுத்தான் சொல்லுவன்" என்றாவாம். அன்றையில் இருந்து பெருமாள் ஐயாவுக்கு நித்திரை இல்லை. சுவருக்கு வெள்ளை அடித்தார், கதிரை மாற்றினார், கடைசியில் அவரின் கண் படத்தில் போய் விழுந்தது.

பொலித்தீன் பைக்குள் இருந்து எடுத்தார். அவரின் பூட்டி, பாட்டியைப் பெற்றவ. யாரோ வெள்ளைக்காரன் தோட்டத்துக்கு வந்து பிடித்த படமாம். முதுகில் கொழுந்துக் கூடை, கூடையின் கயிறு நெற்றியில், கசங்கின சட்டை, இடுப்பைச் சுற்றிச் சாக்கு, வெறுங்கால். ஆனால் நகை என்றால் நகை! காதில் தோளைத் தொடுகிற தொங்கல், மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, முழங்கை வரைக்கும் காப்பு. கொழுந்து பறிக்கப் போகிற மனுசி ஏன் இவ்வளவு போட்டவ என்று கேட்டேன். "இருக்கிறதெல்லாம் போட்டுட்டு வான்னு அந்த வெள்ளக்காரன் சொன்னானாம். அதுல பாதி பக்கத்து லயத்து வீடுகள்ல எரவல் வாங்குனதுன்னு எங்க பாட்டி சொல்லும்" என்றார்.

"கூடைய எடுத்துருங்க பாப்பா. சாக்கையும் எடுத்துருங்க. அந்த நெத்திக் கயிறையும்." தர்சினி அக்கா எங்களோடு கதைத்தால் வன்னிப் பேச்சு, அப்பாவோடு கதைத்தால் மலைநாட்டுப் பேச்சு, சுவிச்சுப் போட்ட மாதிரி மாற்றுவா. "அப்ப மிச்சம் என்னாப்பா இருக்கு? மூக்குத்தி மட்டுந்தான்" என்றா. "நீ சும்மா இரு, ஒனக்காகத்தான் பண்றேன்" என்று அவர் மூன்றாவது உடம்பைத் தொட்டுக் காட்டினார். எனக்கு அந்தக் கூடைக்காரியைப் பிடித்திருந்தது. கெதியா எடுத்துத் தொலை, எனக்கு வேலை கிடக்கு என்று கமராக்காரனைப் பேசப் போகிற முகம். ஐயா, இப்படியே விடுங்கோ, இதுதான் வடிவு என்று வாயைத் திறந்துவிட்டேன். பெருமாள் ஐயா கோபப்படவில்லை, படத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்தக் கூடைய எறக்கி வைக்கத்தான் பாப்பா நாங்க இவ்வளவு தூரம் வந்தோம். சொவத்துல மாட்டி மறுபடியும் தூக்கச் சொல்றியா?"

கோட்டுக்குள் ஒருவர்

அதே கிழமை கனகராயன்குளத்தில் இருந்து ஒருவர் பஸ் ஏறி வந்தார். கையில் பூட்டனின் படம். தலைப்பா, வேட்டி, அதற்கு மேலே கறுத்தக் கோட்டு, பக்கத்தில் பூச்சாடி வைத்த மேசை, பின்னால் திரையில் கீறின மாளிகை. கால் மட்டும் வெறுங்கால். "சப்பாத்துப் போட்டுவிடவேணும்" என்றார். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். கோட்டின் கை பூட்டனின் விரல் நுனி வரைக்கும் வந்து கிடந்தது. அந்தக் கோட்டுக்குள் இன்னொரு பூட்டனையும் இருத்தலாம். நாங்கள் நாலு உடம்பு வைத்திருக்கிற மாதிரி, அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரன் வருகிறவர்களுக்கு மாட்டிவிட ஒரு கோட்டு வைத்திருந்திருக்கிறான். சப்பாத்து வாங்க மறந்துபோனான் போல.

மனதில் பட்டதைச் சொன்னேன். "ஐயா, இது அவற்ற கோட்டில்லை. ஸ்டூடியோக்காரன்ர." மனுசனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன கதை கதைக்கிறாய்? அவர் விதானையார், ஊருக்கே தலைவர்!" என்றார். விதானையாருக்கு அளவாகக் கோட்டுத் தைக்க ஊரில் ஆள் இருக்கவில்லையோ என்று கேட்டேன். கிருபா அண்ணை பின்னால் நின்று இருமினார். நான் வாயை மூடிக்கொண்டு, வேட்டிக்குக் கீழே கந்தோர் உத்தியோகத்தர் போடுகிற மினுமினுக்கிற சப்பாத்து இரண்டை வைத்தேன். பார்க்கச் சகிக்கவில்லை, அவருக்கோ பரம திருப்தி. போகும்போது நரைத்த மீசையோடு நின்ற பூட்டனை ஒருக்கால் பார்த்துவிட்டு, கதவடியில் திரும்பி நின்று என்னிடம் சொன்னார்: "கோட்டு பெரிசில்லைப் பிள்ளை. படம் பிடிக்கேக்க அவர் இன்னும் வளர்ந்து முடியேல்லை."

டொரோண்டோக் குடுமி

இன்னொருவர் கனடாவில் இருந்து லீவில் வந்தவர். அரைக் காற்சட்டை, கறுப்புக் கண்ணாடி, உச்சந்தலையில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டின குடுமி. கூட, நெளுக்குளத்தில் இருக்கிற அவரின் மாமி. அவர் கொண்டுவந்த படத்தில் அவரின் பூட்டன் காற்சட்டை போட்டு, டை கட்டி, தலைமயிரை நடுவகிடு பிரித்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு நடிகனைப் போல நிற்கிறார். அருமையான படம். பூஞ்சணம்கூட இல்லை. எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்டேன்.

"இது எங்கட அடையாளம் இல்லைத் தங்கச்சி. இவருக்கு வேட்டி கட்டி, காதில கடுக்கன் போட்டு, குடுமி வைச்சுவிடுங்கோ. என்ர பிள்ளையள் பாக்கேக்க, இவர்தான் உண்மையான தமிழன் எண்டு தெரியவேணும்" என்றார். அந்தாள் ஆசைப்பட்டுக் காற்சட்டை போட்டிருக்கிறார், விடுங்கோவன் என்றேன். கேட்கவில்லை. வேட்டி இருக்கிறது, கடுக்கன் கீறலாம், குடுமிக்கு எங்கே போவது? அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி அவரின் குடுமியைத்தான் போனில் படம் பிடித்தேன். அதைப் பூட்டனின் தலையில் ஒட்டவா என்று கேட்க, மனுசன் தன் குடுமியைத் தடவிப் பார்த்தார். அதுவரைக்கும் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாமி சொன்னா: "ஒட்டு பிள்ளை. கிழவனிட்டை இருந்துதான் இவனுக்கு வந்ததெண்டாவது சனம் நம்பட்டும்."

ஒரே பெட்டை

பொங்கல் விழாவுக்குப் பனர் அடிக்க வந்த இளைஞர் கழகத் தலைவர் போனை நீட்டினார். "எங்கட பாரம்பரிய உடை எண்டு மேல எழுதி, கீழ இந்தப் படத்தைப் பெரிசாப் போடவேணும்." பழைய தபால் அட்டைப் படம். ஒரு பெட்டை இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு, சேலையைத் தோளில் சரியவிட்டு, தலைமயிரை விரித்து, சலித்துப்போன கண்ணோடு ஒரு கிழிந்த கம்பளத்தில் நிற்கிறாள். கீழே ஆங்கிலத்தில் தமிழ்ப் பெண் என்று போட்டிருந்தது.

பெரிய படம் கிடைக்குமா என்று இணையத்தில் தேடினேன். கிடைத்தது. அதே பெட்டை, அதே குடம், அதே கிழிந்த கம்பளம். கீழே சிங்களப் பெண் என்று போட்டிருந்தது. படம் பிடித்தவனுக்கே இவள் யாரென்று தெரியாது, அவனுக்குத் தேவை குடமும் தோளும்தான் என்று தலைவருக்குச் சொன்னேன். வேறு யாரும் என்றால் வெட்கப்பட்டிருப்பார்கள். தலைவர் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்து, தாடையைச் சொறிந்து, ஒரு முடிவுக்கு வந்தார்: "ரெண்டாவதை அவையள் எடுத்துக்கொள்ளட்டும். நீ முதலாவதைப் பெருப்பி."

எங்கட ஆளுக்குச் சட்டை இல்லை

பெருமாள் ஐயாவின் படத்தைக் கொடுத்தனுப்பிய கையோடு ஒரு அன்ரி வந்தா. முதலில் கடைக்குள் தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தா. பிறகு கைப்பையைத் திறந்து, சீலைத் துண்டு ஒன்றுக்குள் சுற்றி வைத்திருந்த படத்தை எடுத்தா. தன் மனுசனின் பூட்டியாம். பனையோலை வேலிக்கு முன்னால் குறுக்குக்கட்டோடு நிற்கிறா. குறுக்குக்கட்டு என்றால் தெரியும்தானே, சேலையை நெஞ்சுக்குக் குறுக்கே சுற்றிச் செருகுவது, தோள் இரண்டும் வெறுமை, சட்டை கிடையாது. அந்தக் காலத்தில் வெயிலுக்கு அதுதான் சுகம். "இவாவுக்கு ஒரு சட்டை போட்டுவிடு பிள்ளை" என்றா அன்ரி, யாரோ குளிரில் நடுங்குகிற மாதிரி.

ஏன் இப்ப திடீரென்று என்று கேட்டேன். "என்ர பெடியன் நிரோசனுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு. பெட்டை தருமபுரம். முதல் நாங்கள் போறம், சரிவந்தால் பிறகு அவையள் வருவினம்." குரலைத் தாழ்த்தினா. "அந்தப் பெட்டை கார்மென்ட்ஸில சட்டை தைக்கிறவள். மாமியார் வீட்டை வந்து பாக்கேக்க, எங்கட ஆள் சட்டையே இல்லாமல் சுவரில தொங்கினால் என்ன நினைப்பள்?" எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன். அங்கே ஒருவர் இந்த அன்ரிக்குப் பயந்து கூடையை இறக்குகிறார், இங்கே இந்த அன்ரி அந்தப் பெட்டைக்குப் பயந்து சட்டை கேட்கிறா.

உடம்புகளைக் காட்டினேன். அன்ரியின் விரல் நேராக மூன்றாவதில் போய் நின்றது. அது வேண்டாம் அன்ரி, வேற ஏதும் பாப்பம் என்றேன். ஏன் என்றா. ஏன் என்று சொன்னால் என் தலை போகும். கிருபா அண்ணையைப் பார்த்தேன். அவர் வந்து, "சேலையைக் கத்தரிப்பூ நிறமாக்கிவிடு, ஆருக்குத் தெரியும்" என்று காதுக்குள் சொன்னார். சேலை மாறும், மடியில் வைத்த கை மாறுமா, கதிரை மாறுமா, மணிக்கூடு மாறுமா? கடைசி முயற்சியாக, "அன்ரி, அது கனபேருக்குப் போன உடம்பு" என்றேன். அன்ரி படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னா: "கனபேர் எடுக்கினமெண்டால் நல்ல உடம்பாத்தானே இருக்கும்."

பத்துப் பத்து

நிரோசன் அண்ணாவின் ஆக்கள் தருமபுரத்துக்குப் போன நாளில் படம் எடுக்க எங்களைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கிருபா அண்ணைக்கு வேறொரு கலியாண வீட்டில் வேலை. கமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டு, சட்டத்தை இன்னொருக்கால் ஞாபகப்படுத்தி அனுப்பினார். போனேன். வெள்ளையடித்த சுவர், புதுக் கதிரைகள், நடுவில் பிளாஸ்டிக் மாலையோடு எங்கள் மதி அக்கா, கழுத்துக்கு மேலே பெருமாள் ஐயாவின் பூட்டி. அன்ரியும் அவவின் மனுசனும் நிரோசன் அண்ணாவும் வந்து இருந்தார்கள். பெருமாள் ஐயா தன் பேச்சை விட்டுவிட்டு, "ஓம் ஓம், வாங்கோ, இருங்கோ" என்று எங்கள் பேச்சைக் கஷ்டப்பட்டு இழுத்தார். குசினிக்குள் வடை பொரிகிற சத்தம். எல்லாம் நல்லாத்தான் போனது, அன்ரி தலையை நிமிர்த்துகிற வரைக்கும்.

அன்ரி எழும்பினா. சுவரடிக்குப் போனா. படத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, திரும்பவும் படத்தைப் பார்த்தா. நிரோசன் அண்ணாவும் கிட்டப் போய், போனில் இருந்த தங்கள் படத்தை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். கடுகுச் சேலை ஒன்று, கத்தரிப்பூச் சேலை ஒன்று. மற்றதெல்லாம் அச்சு அசல். இரண்டு மணிக்கூட்டிலும் நேரம் பத்துப் பத்து. நிரோசன் அண்ணா நல்ல பெடியன், ஆனால் வாய்க்கும் மூளைக்கும் இடையில் கதவு இல்லை. "அம்மா, இது எங்கட பூட்டியின்ர கையெல்லோ?" என்று வீடு முழுக்கக் கேட்கக் கத்தினார். பெருமாள் ஐயாவின் முகம் சாம்பலாகிவிட்டது. கூடை பிடிபட்டுவிட்டது, மகளின் கலியாணம் குழம்பிவிட்டது என்று அவர் நினைத்தது எனக்குத் தெரிந்தது. அன்ரி என்னிடம் திரும்பினா. "உண்மையைச் சொல்லு பிள்ளை, இது ஆற்ற உடம்பு?" சட்டமாவது மண்ணாங்கட்டியாவது. எங்கட முதலாளியின்ர மனுசியின்ர என்றேன். "எங்கட வீட்டில இருக்கிறது?" அதுவும் அவாதான் என்றேன்.

தர்சினி அக்கா தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, அந்தப் பொலித்தீன் பையைக் கொண்டுவந்தா. "தர்சினி, வேணாம்மா" என்றார் பெருமாள் ஐயா. அவ நிற்கவில்லை. படத்தை எடுத்து அன்ரியின் கையில் வைத்தா. "இதுதான் மாமி எங்கட ஆள். கொழுந்து எடுத்தவ. இவவைப் பாத்திட்டு முடிவைச் சொல்லுங்கோ." அன்ரி கண்ணாடியைப் போட்டு, வெளிச்சத்துக்குப் பிடித்து, கூடையைப் பார்த்தா, சாக்கைப் பார்த்தா, காப்பைப் பார்த்தா. நிரோசன் அண்ணா தர்சினி அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பெருமாள் ஐயா கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சால்வையைத் திருகினார். கடைசியில் அன்ரி கண்ணாடியைக் கழற்றி, அவரைப் பார்த்துச் சொன்னா: "அண்ணை, உங்கட ஆள் சட்டையெண்டாலும் போட்டிருக்கிறா. எங்கட ஆளுக்கு அதுவும் இல்லை."

கழட்டு

முதலில் சிரித்தது தர்சினி அக்கா. பிறகு எல்லாரும். அதுவரைக்கும் வடையை விட்டு வாயெடுக்காத அங்கிள்தான், "அப்ப கலியாணத்துக்கு நாளைப் பாப்பம்" என்றார். படம் எடுக்க மறந்து நின்ற என்னை அன்ரியே தட்டி எழுப்பி, "எங்களை எடு பிள்ளை, உடம்போட எடு" என்றா.

திரும்பி வந்து நடந்ததைச் சொல்ல, கிருபா அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். என் தலை போகவில்லை, ஏனென்றால் போட்டோசொப் தெரிந்த வேறு தலை அவரிடம் இல்லை. ஆனால் விசயம் மதி அக்காவின் காதுக்குப் போய்விட்டது. தன் உடம்பு ஊரெல்லாம் மாலையோடு தொங்குவது அன்றுதான் அவவுக்குத் தெரிய வந்தது. இரண்டு நாள் அண்ணைக்குச் சோறு இல்லை. மூன்றாம் நாள் ஸ்டூடியோவுக்கு வந்து, மூன்றாவது உடம்பைக் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லி நின்று பார்த்துவிட்டு, கேட்டா: "ரெண்டு பகுதிக்கும் நான்தான் பூட்டியெண்டால், கலியாண வீட்டில நான் ஆற்ற பக்கம் இருக்கிறது?"

பெருமாள் ஐயா கூடைப் படத்தைக் கொண்டுவந்தார். பூஞ்சணத்தை மட்டும் துடைத்துவிடச் சொன்னார், வேறு ஒன்றிலும் கைவைக்க விடவில்லை. கடுகுச் சேலைப் படத்தை என்ன செய்வது என்று கேட்டதற்கு, அது உங்க வீட்டு அம்மாதானே, நீங்களே மாட்டிக்குங்க என்று கிருபா அண்ணையின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கூடைக்காரி இப்போது தருமபுரத்துச் சுவரில் பெரிதாக நிற்கிறா. பார்க்க வருகிற சனம் எல்லாம், அந்தக் காலத்திலேயே வெள்ளைக்காரன் தேடி வந்து படம் பிடித்த ஆள் என்று கதைக்கிறார்களாம். அந்தக் கதை வாய்க்கால் தாண்டி விசுவமடுவுக்கும் வந்துவிட்டது. வந்த அடுத்தநாள், காலையில் நான் கடையைக் கூட்டிக்கொண்டு நிற்க, அன்ரி கத்தரிப்பூச் சேலைப் படத்தைக் கொண்டுவந்து மேசையில் தொப்பென்று போட்டா: "சம்பந்தப் பகுதி ஒரிஜினலை மாட்டியிருக்க, நாங்கள் மட்டும் டூப்ளிகேட்டோட இருக்கிறதோ? கழட்டு பிள்ளை சட்டையை!"

என்னைக் கேட்டால், இந்தத் தொழிலில் எந்தப் பூட்டிக்கும் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் சட்டை போட்டுவிடலாம், அதைக் கழட்டுகிறதுக்குத்தான் ஒரு கலியாணம் தேவைப்படுகிறது.